மதுரை சுல்தானின் தங்கக் காசு

காஞ்சிபுரத்தில் பட்டு வாங்கும்போது சரிகையை நகத்தால் சுரண்டிப் பார்ப்போம். சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால்தான் மனசு ஆறும். ஒரு பழைய காசைச் சுரண்டினால் என்ன தெரியும்?

தில்லி சுல்தான் முகமது பின் துக்ளக்கின் ஆளுநராக மதுரையில் இருந்தவர் ஜலாலுதீன் அஹ்சன் ஷா. 1335 வாக்கில் தில்லிக்குக் கட்டுப்பட மறுத்து, தாமே சுல்தான் ஆனார். கையோடு சொந்தக் காசும் அடித்தார். அந்தக் காலத்தில் அதுதான் சுதந்திரப் பிரகடனம்! ஏழைகளின் தந்தை என்று அரபியில் தம்மைப் பொறித்துக்கொண்டவர் அவர். காசில் யார்தான் தம்மைக் குறைத்துச் சொல்வார்கள்? தில்லியில் அவருடைய மகளை மணந்தவர், ஊர் சுற்றி இபின் பதூதா.

இந்த மதுரை சுல்தான்களின் செம்புக் காசுகள் இன்றும் கண்ணில் படும். தங்கம்தான் மிக அபூர்வம். நம்மூர்ப் பணம் என்ற சிறு தங்கக் காசு அரை கிராம்கூட இராது, விரலிடுக்கில் நழுவிவிடும். தங்கா என்ற தில்லித் தங்கக் காசோ சுமார் 11 கிராம், ஒன்றேகால் பவுனுக்கு மேல். தங்கக் காசு பிற்காலத்தில் யார் கையில் கிடைத்திருந்தாலும் நேரே பட்டறைக்குத்தான் போயிருக்கும். தாலியாகியிருக்கும், தோடாகியிருக்கும்.

விஜயநகர இளவரசர் குமார கம்பணர், மதுரை சுல்தான்மீது படையெடுத்துப் போகுமுன், காஞ்சிப் பகுதியை ஆண்ட சம்புவராயரை வென்று அதைப் பிடித்தார். இங்கே கைலாசநாதர் கோயிலில் 1364ஆம் ஆண்டுக் கல்வெட்டு அவர் ஆட்சியைச் சொல்கிறது. பிறகு மதுரை வீழ்ந்தது. ஆனாலும் கடைசி சுல்தான் சிக்கந்தர் ஷாவின் காசில் ஹிஜிரி 779 என்று இருக்கிறது. அதாவது 1377-78. மதுரை போன பிறகும் காசு அடிப்பதை மனிதர் விடவில்லை.