ஐந்து லைன்மேன்களும் ஒரு குவார்ட்டர்பேக்கும்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அமெரிக்க வாழ்க்கை பற்றி இருபது நிமிஷம் பேசு" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். விசா, வீட்டுக் கடன், பனிக்காலம் எல்லாவற்றையும் எனக்கு முன்னால் பேசியவர்கள் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். நான் இருப்பது சின்சினாட்டி. ஓஹையோ ஆற்றங்கரையில் உள்ள ஊர். அங்கே போனதிலிருந்து என்னை ஒரு வியாதி பிடித்திருக்கிறது. அதன் பெயர் சின்சினாட்டி பெங்கால்ஸ். வங்கப் புலியின் பெயர் வைத்த ஃபுட்பால் அணி. மூன்று முறை இறுதியாட்டம் வரை போய், 1982, 1989, 2022 என்று மூன்றிலும் தோற்ற அணி. என் வீட்டுக்காரி இதைக் கேட்டால் "ஊரைவிட்டு ஊர் வந்து இந்தப் பேச்சா?" என்பாள். இருந்தாலும் இதைத்தான் பேசப்போகிறேன். இதில் நம்ம பாடம் ஒன்று இருக்கிறது.

ஃபுட்பால் என்றால் நம் கால்பந்து இல்லை. நீளவாட்டுப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முட்டி மோதி முன்னேறும் ஆட்டம். ஒரு பக்கத்துக்கு 11 பேர். தாக்கும் அணியில் பந்தை வாங்கி வீசுகிறவர் குவார்ட்டர்பேக். போஸ்டரில் படம் வருவது அவருக்குத்தான். அவருக்கு முன்னால் ஐந்து பேர் வரிசையாக நிற்பார்கள். நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டு, ஓரங்களில் டேக்கிள். எதிரணிக்காரர்கள் பாய்ந்துவரும்போது குவார்ட்டர்பேக்குக்கு இரண்டரை, மூன்று வினாடி அவகாசம் வாங்கிக்கொடுப்பது இவர்கள் வேலை. அவகாசம் கிடைக்காமல், பந்து கையில் இருக்கும்போதே குவார்ட்டர்பேக்கை மடக்கித் தரையில் சாய்த்துவிட்டால் அதற்கு 'சாக்' என்று பெயர்.

இந்த ஐந்து பேரை லைன்மேன் என்பார்கள். நமக்கு லைன்மேன் என்றால் மின்வாரியக்காரர் ஞாபகம்தான் வரும். வந்தால் தப்பில்லை, நிலைமை ஒன்றேதான். கரண்ட் இருக்கிற வரைக்கும் யாரும் அவரை நினைப்பதில்லை. போய்விட்டால் தெருவே அவர் பெயரைச் சொல்லும். பந்தை வீசியவருக்கு யார்டு கணக்கு உண்டு, பிடித்தவருக்கு உண்டு, ஓடியவருக்கும் உண்டு. லைன்மேன் பெயருக்கு எதிரே ரசிகன் கண்ணில் படும்படி எழுதப்படுவது பெரும்பாலும் பெனால்ட்டி ஒன்றுதான். 140 கிலோ ஆள் அறுபது தடவை வெற்றிகரமாகத் தடுத்தாலும் எந்தக் கணக்கிலும் ஏறாது. நான் வேலை பார்ப்பது ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில். பம்ப் நிற்காத நாளில் எங்கள் பிரிவுக்கு யாரும் போன் செய்வதில்லை. அதனாலோ என்னவோ, டி.வி.யில் எல்லோரும் பந்தைப் பார்க்கும்போது என் கண் வலதுபக்கக் கார்டு மேல் போய் நிற்கும்.

இனி பாடத்துக்கு வருகிறேன். தொடராக இணைத்த ஐந்து பாகங்களின் நம்பகத்தன்மையை எப்படிக் கணக்கிடுவது? மாணவர்கள் உடனே சொல்வார்கள், பெருக்க வேண்டும். ஐந்து லைன்மேன்களும் ஆளுக்கு 100-க்கு 95 தடவை தன் வேலையைச் சரியாகச் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாக இருக்கிறது. ஐந்தையும் பெருக்கினால் 77 சதவீதம்தான். நான்கு ஆட்டத்தில் ஒரு தடவை எங்கோ ஒரு கதவு திறந்துகொள்கிறது. இப்போது அந்த ஐந்தில் ஒருவர் மட்டும் 80 என்றால் மொத்தம் 65-க்கு இறங்கிவிடும். அதைச் சரிசெய்யப் பெரிய நட்சத்திரம் ஒருவரைக் கொண்டுவந்து ஒரு 95-ஐ 99 ஆக்கினால் 68 வரும். அதற்குப் பதில் அந்த 80-ஐ 90 ஆக்கினால் 73. எண்கள் நான் வைத்தவை. ஆனால் பெருக்கல் மாறாது. களத்தில் நிலைமை இதைவிடவும் மோசம். நம் பாடப்புத்தகம் பாகங்கள் ஒன்றையொன்று சாராதவை என்று எடுத்துக்கொள்ளும். இங்கே ஓட்டையான ஆளுக்குப் பக்கத்தில் நிற்கிறவர் அவருக்கும் கை கொடுக்கப் போய்த் தன் இடத்தைத் திறந்துவிடுவார்.

பெங்கால்ஸ் கதை இந்தப் பெருக்கல் கணக்குத்தான். 2006-இல் ஆண்ட்ரூ விட்வொர்த் என்ற டேக்கிளை இரண்டாம் சுற்றில் எடுத்தார்கள். பதினோரு வருஷம் இடதுபக்கத்தைக் காத்தார். வயதாகிறதே என்று 2015-இல் முதல் இரண்டு சுற்றிலும் டேக்கிள்களாகவே எடுத்தார்கள்: செட்ரிக் ஓகுவேஹி, ஜேக் ஃபிஷர். இருவரும் தேறவில்லை. விட்வொர்த் 2017-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் அணிக்குப் போய்விட்டார். இவரை மறந்துவிடாதீர்கள், மறுபடி வருவார்.

2020-இல் முதல் ஆளாக ஜோ பர்ரோ என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். முதல் வருஷம் பத்து ஆட்டத்தில் 32 சாக். பத்தாவது ஆட்டம் வாஷிங்டனில், 2020 நவம்பர் 22. இடது முழங்காலில் இரண்டு தசைநார்கள் கிழிந்தன. இருபத்து மூன்று வயசுப் பையன், வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த நிமிஷத்திலிருந்து எங்கள் ஊரில் எல்லோருமே லைன் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். சலூனில் போய் உட்கார்ந்தாலும் அதே பேச்சு.

அடுத்த வருஷ டிராஃப்ட். தெரியாதவர்களுக்காக: டிராஃப்ட் என்பது நம் கேம்பஸ் இன்டர்வியூ போல. ஒரே வித்தியாசம், கம்பெனிகள்தான் வரிசையில் நிற்கும், போன வருஷம் கடைசியாக வந்த அணிக்கு முதல் உரிமை. 32 அணி, ஏழு சுற்று. 2021-இல் பெங்கால்ஸ் ஐந்தாவது இடம். ஒரு பக்கம் பெனே சுவெல், அந்த வருஷத்தின் தலைசிறந்த டேக்கிள். இன்னொரு பக்கம் ஜமார் சேஸ், பந்து பிடிப்பவர், கல்லூரியில் பர்ரோவின் ஜோடி. ஊர் இரண்டாகப் பிரிந்தது. அணி சேஸை எடுத்தது. சுவெல் ஏழாவதாக டெட்ராய்ட் லயன்ஸுக்குப் போனார்.

அந்த வருஷம் என்ன நடந்தது பாருங்கள். சேஸ் 1,455 யார்டு எடுத்தார். பர்ரோ லீக் ஆட்டங்களில் மட்டும் 51 தடவை சாக் ஆனார். ப்ளே-ஆஃபில் டென்னசி அணியோடு ஒரே ஆட்டத்தில் ஒன்பது தடவை விழுந்தும் 19-16 என்று ஜெயித்தார்கள்! இறுதியாட்டம் 2022 பிப்ரவரி 13. ஏழு சாக். ஒரு நிமிஷத்துக்கும் குறைவாக இருக்கிறது, மூன்று புள்ளி பின்தங்கல், ஒரு யார்டு தேவை. ஆரன் டொனால்ட் உள்வரிசையைப் பிளந்துகொண்டு வந்து பர்ரோவைச் சுழற்றினார். பந்து தரையில் விழுந்தது. 23-20. ஜெயித்தது ராம்ஸ். அவர்களுடைய இடது டேக்கிள் யார் தெரியுமா? நாற்பது வயசு ஆண்ட்ரூ விட்வொர்த்.

"சுவெலை எடுத்திருந்தால் கோப்பை வந்திருக்கும்" என்று இன்னும் சொல்கிறவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்வதில்லை. சுவெல் அபாரமான ஆட்டக்காரர், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் ஓரத்தில் நிற்கிற டேக்கிள். டென்னசி ஆட்டத்தில் மூன்று சாக் எடுத்த ஜெஃப்ரி சிம்மன்ஸ் நடுவில் நிற்கிறவர், டொனால்டும் அப்படியே. கதவு திறந்தது உள்ளே. பர்ரோவும் பந்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர், அந்தப் பங்கு அவருடையது. என் கண்ணில் கோட்டைவிட்ட இடம் இரண்டாம் சுற்று. 38-ஆவது இடத்தை விட்டுக்கொடுத்து 46-க்கு இறங்கினார்கள். அங்கே ஜாக்ஸன் கார்மன் என்பவரை எடுத்தார்கள். கல்லூரியில் டேக்கிள், இங்கே கார்டு ஆக்கப் பார்த்தார்கள். நிலைக்கவில்லை. 63-ஆவது இடத்தில் கிரீட் ஹம்ஃப்ரி என்ற சென்டரை கான்ஸாஸ் சிட்டி எடுத்தது. அதே அணி ஆறாம் சுற்றில் 226-ஆவதாக டிரே ஸ்மித் என்ற கார்டையும் எடுத்தது. டிரே ஸ்மித்துக்குக் கல்லூரிக் காலத்தில் நுரையீரலில் ரத்தக்கட்டி வந்திருந்தது. அதனால்தான் அவ்வளவு கீழே விழுந்தார்.

கான்ஸாஸ் சிட்டியின் கணக்கைக் கவனியுங்கள். 2021 பிப்ரவரி இறுதியாட்டத்தில் இரண்டு டேக்கிள்களும் காயத்தால் இல்லை. பேட்ரிக் மஹோம்ஸ் போன்ற ஒரு குவார்ட்டர்பேக் ஆட்டம் முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். 31-9 தோல்வி. அந்தக் கோடையில் ஐந்து பேரையும் மாற்றினார்கள், ஒருவரை மட்டும் அல்ல. 2023 பிப்ரவரியில் எதிரே வந்தது ஃபிலடெல்ஃபியா. அந்த சீசனில் 70 சாக் எடுத்த அணி. இறுதியாட்டத்தில் அவர்கள் எடுத்தது பூஜ்யம். 38-35 என்று கான்ஸாஸ் சிட்டி கோப்பையைத் தூக்கியது. இரண்டு வருஷம் கழித்து, 2025 பிப்ரவரி, அதே இரண்டு அணிகள். இந்தத் தடவை இடது டேக்கிள் இடத்துக்கு சீசன் முழுக்க ஆள் அமையவில்லை. ஜோ தூனி என்ற நல்ல கார்டைத் தூக்கி ஓரத்தில் நிறுத்தினார்கள். இரண்டு இடம் கெட்டது. மஹோம்ஸ் ஆறு சாக், 40-22 தோல்வி. ஐந்தில் மூன்று பேர் லீக்கின் மிகச் சிறந்தவர்கள். பெருக்கல் தாட்சண்யம் பார்ப்பதில்லை.

டிராஃப்டுக்கு முன்னால் இன்டியானாபொலிஸ் நகரத்தில் பையன்களை வரவழைத்து அளவெடுப்பார்கள். உயரம், எடை, 40 யார்டு ஓட்டம். டேக்கிள் என்றால் கை நீளம் 33 அங்குலமாவது வேண்டும் என்பது எழுதாத விதி. இங்கே சில கம்பெனிகள் "60 சதவீதம், அரியர் இருக்கக்கூடாது" என்று முதல் வடிகட்டலை வைப்பதில்லையா, அந்த மாதிரி. வடிகட்டியில் அர்த்தம் இல்லாமல் இல்லை. கை குட்டையாக இருந்தால் எதிராளி முதலில் நெஞ்சில் கை வைத்துவிடுவான், அது இயற்பியல். ஆனாலும் 2025-இல் வில் கேம்ப்பெல்லின் கையை அந்த அளவெடுப்பில் அளந்தபோது 33-க்குச் சற்றுக் குறைவு, நியூ இங்கிலாந்து அவரை நான்காவதாக எடுத்தது. ஃபிலடெல்ஃபியாவின் ஜோர்டன் மைலாட்டா ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடியவர். 2018-இல் ஏழாம் சுற்றில் 233-ஆவதாக எடுக்கும்போது அவர் ஒரு ஃபுட்பால் ஆட்டம்கூட ஆடியதில்லை. 2025 பிப்ரவரியில் கோப்பை வாங்கிய அணியின் இடது டேக்கிள் அவர்தான். பெங்கால்ஸுக்கே பழைய உதாரணம் உண்டு: அந்தோணி முனோஸ். கல்லூரியில் முழங்கால் அறுவைச் சிகிச்சைகள், கடைசி வருஷம் பெரும்பாலும் ஆடவில்லை. 1980-இல் மூன்றாவது ஆளாகத் துணிந்து எடுத்தார்கள். 13 வருஷம் ஆடினார், 1998-இல் ஹால் ஆஃப் ஃபேம்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு நான் ஒரு பையனை எப்படிப் பார்ப்பேன்? 40 யார்டு ஓட்டத்தை விட்டுவிடுவேன், லைன்மேன் 40 யார்டு ஓடுகிற நாள் அபூர்வம். கல்லூரியில் எத்தனை ஆட்டம் முழுசாக நின்றான், எந்த இடத்தில் நின்றான் என்று பார்ப்பேன். டேக்கிளைக் கார்டு ஆக்கலாம் என்ற பேச்சு வந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். மல்யுத்தம் பழகியவனா என்று கேட்பேன். இடுப்பையும் கையையும் பிடிக்கத் தெரிந்தவனுக்குப் பாதி வேலை முன்பே தெரியும், நம்ம கபடிக் கார்னர் ஆட்டக்காரர்களைப் பார்த்தாலே புரியும். ஆகவே 2024-இல் பெங்கால்ஸ் முதல் சுற்றில் அமேரியஸ் மிம்ஸை எடுத்தபோது எனக்குப் பாதி சந்தோஷம்தான்: மலை போல ஆள், ஆனால் கல்லூரியில் தொடக்கத்திலிருந்து ஆடியது எட்டே ஆட்டம். 2025-இல் மூன்றாம் சுற்றில் டிலன் ஃபேர்சைல்டை எடுத்தபோது முழு சந்தோஷம். பள்ளியில் மல்யுத்தம் ஆடிய கார்டு, கார்டாகவே நிறுத்தினார்கள்.

அந்த வருஷமும் செப்டம்பரில், இரண்டாவது ஆட்டத்திலேயே ஒரு சாக். பர்ரோவின் கால் பெருவிரலில் அறுவைச் சிகிச்சை, ஒன்பது ஆட்டம் வெளியே. 2020 முழங்கால், 2023 மணிக்கட்டு, 2025 கால்விரல். மணிக்கட்டையும் லைன் தலையில் கட்டுவது நியாயமில்லைதான். ஆனால் 2024-இல் 4,918 யார்டு, 43 டச்டவுன் வீசிய கை அது. எத்தனை வருஷம் அந்த உடம்பு தாங்கும் என்பதுதான் எங்கள் ஊரில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒருவரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி.

டிராஃப்ட் ஏப்ரலில், மூன்று நாள். முதல் நாள் கூட்டம் கூட்டமாகப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் டி.வி. என் வசம் என்று ஒப்பந்தம். கார்டு, சென்டர் எல்லாம் அப்போதுதான் வருவார்கள். செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், சாப்பாடு ஆறுகிறதாம்.