அயலார் மொழியில் முகமன்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில், சின்ன காஞ்சிபுரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பிற மொழிகளில் நாள்தோறும் வழங்கும் சில சொற்களையும், ஒருவரையொருவர் கண்டபோது கூறும் முகமன் மொழிகளையும் கற்றுக்கொள்ளுவதைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு நமது காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். "தறியில் உட்கார்ந்தவனுக்கு இவையெல்லாம் எதற்கு?" என்று கேட்கக் கூடியவர்கள் இச்சபையிலேயே சிலர் இருக்கலாம். அவர்களுக்கு விடையிறுப்பதையே இப்பேச்சின் நோக்கமாக வைத்துக்கொண்டோம்.

முதலாவது, நம் தறியையே எடுத்துக்கொள்வோம். நாம் நெய்யும் பட்டுநூலிற் பெரும்பகுதி கன்னட தேசத்திலிருந்து வருகிறது. ஜரிகை, கூர்ஜரத்துச் சூரத் நகரத்திலிருந்து வருகிறது. 'ஜரிகை' என்னும் சொல்லே பொன்னைக் குறிக்கும் பாரசீகச் சொல்லின் வழியில் வந்ததுதான். பூ வேலைக்குத் தறியின்மேல் ஏற்றும் ஜக்கார்டு பெட்டி பிரெஞ்சு தேசத்தார் ஒருவருடைய பெயரைத் தாங்கியிருக்கிறது. ஆகவே ஒரு சேலை நெய்து மடித்து வைப்பதற்குள் நான்கைந்து பாஷைகள் நம் கையில் ஏறி இறங்கிவிடுகின்றன. நாம்தான் அதைக் கவனிப்பதில்லை.

அடுத்தது, நம் அண்டைவீட்டார். கிருஷ்ணதேவராயர் காலத்தையொட்டி ஆந்திர தேசத்து நெசவாளர்கள், தேவாங்கரும் சாலியரும், இவ்வூரில் வந்து குடியேறினார்கள் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் வரலாறு. இன்றும் தெலுங்கையோ கன்னடத்தையோ வீட்டுப் பாஷையாகக் கொண்ட குடும்பங்களும், சௌராஷ்டிரம் பேசும் பட்டுநூல்காரக் குடும்பங்களும் நம்மூரில் இருக்கின்றன. இவர்கள் எழுதுவதும் படிப்பதும் தமிழில். அடுப்பங்கரையிலும் தொட்டிலருகிலும் பேசுவது வேறு. இது நேற்று வந்த வழக்கமும் அன்று. எட்டாம் நூற்றாண்டில் சளுக்கிய வேந்தன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றியபோது, கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கண்டு, அதனை எடுத்துச் செல்லாமல் சுவாமிக்கே திருப்பி அளித்தான். அச்செய்தியை அக்கோயில் தூணொன்றில் கன்னடத்திற் பொறித்து வைத்திருக்கிறான். நம் ஊர்க் கோயிலில் நிற்கும் கன்னட எழுத்து அது. அதனைப் பார்க்கச் சீமையிலிருந்தெல்லாம் வருகிறார்கள். நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோமென்று கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை.

2019ஆம் ஆண்டு ஜூலை 1ந் தேதி முதல் ஆகஸ்டு 17ந் தேதி வரையில் நம் தெருக்கள் இருந்த இருப்பை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். நாற்பது ஆண்டுகளுக்கு ஒரு முறை அனந்தசரஸ் திருக்குளத்தினின்று எழுந்தருளும் அத்தி வரதர், முதல் முப்பத்தொரு நாள் சயனக் கோலத்திலும், பின்னர் நின்ற திருக்கோலத்திலும் சேவை சாதித்தார். வந்தவர் தொகை ஒரு கோடி அளவில் என்றார்கள். அவர்களில் தெலுங்கர், கன்னடர், வடதேசத்தார் எண்ணிறந்தோர். வரிசையில் மணிக்கணக்காக நின்று நா வறண்ட ஒரு கிழவி "நீள்ளு" என்கிறாள். நம் பையன் "என்ன வேணும் பாட்டி?" என்று மூன்று முறை கேட்கிறான். 'நீள்ளு' என்பது 'நீர்' என்னும் நம் சொல்லின் உடன்பிறப்பு என்பது அவனுக்குத் தோன்றவில்லை. கன்னடத்தார் 'நீரு' என்கிறார்கள்; வடவர் 'பானி' என்கிறார்கள். ஆக மூன்று சொற்கள். இம்மூன்றையும் கற்பதற்கு ஒரு வெற்றிலை போடும் நேரம் போதும்.

இராமாநுசரின் சரித்திரத்தில், விந்தியக் காட்டில் வழி தவறியவருக்குத் துணையாக வந்த வேடனும் வேட்டுவிச்சியும், காஞ்சியை அணுகியபோது குடிக்கத் தண்ணீர் கேட்டார்களென்றும், அவர் சாலைக்கிணற்றிலிருந்து கொணர்ந்து கொடுத்தாரென்றும் பெரியோர் சொல்லுவர். விந்தியத்து வேடன் எந்தப் பாஷையில் கேட்டான் என்று கதை சொல்லவில்லை. தாகத்துக்குப் பாஷை இல்லை என்று சொல்லிவிடலாந்தான். ஆனால் கொடுக்கிறவன் காதுக்குப் பாஷை உண்டல்லவா?

இனி, இவ்விஷயத்தில் முக்கியமென்று நாம் கருதும் ஒன்றைச் சொல்லவேண்டும். அயல் மொழியிற் சொற்களை நம்மவர் கற்கவேயில்லை என்பது குறையன்று. கற்றிருக்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் தவறான முனையிலிருந்து தொடங்கிக் கற்றிருக்கிறார்கள். பிள்ளைகள் முதலிற் கற்பது வசைச்சொல். பெரியவர்கள் முதலிற் கற்பது ஏவற்சொல். ஹிந்தியில் நம் கடைத்தெருவில் பரவியிருப்பவை எவை? 'ஆவ்', 'ஜாவ்', 'பைட்டோ' என்பனவே. இவை தோழனிடத்தும் இளையவனிடத்தும் செல்லும். தந்தை வயதினர் ஒருவரை நோக்கிச் சொன்னால் காதில் உறைக்கும். அவரை 'ஆயியே' என்று அழைத்து, 'பைட்டியே' என்று அமரச் சொல்லவேண்டும். 'தூ', 'தும்', 'ஆப்' என்று முன்னிலைக்கு அவர்களிடம் மூன்று படிகள் உண்டு. வங்காளத்தாரிடம் 'துய்', 'துமி', 'ஆப்னி' என்று மூன்று. நம்மிடத்தில் நீ, நீர், நீங்கள், அதற்கும் மேலே தேவரீர் என்று இருப்பதுபோலவே இதுவும். 'நீ' என்று முன்பின் அறியாதவன் நம்மைக் கூப்பிட்டால் நம் முகம் எப்படி மாறும்!

ஆகையால் ஒரு மொழியிற் பத்துச் சொல் கற்பவன், முதலில் அதன் மரியாதை விகுதியைக் கற்கவேண்டும் என்பது நம் அபிப்பிராயம். தெலுங்கில் அது '-அண்டி' என்பது. 'ரா' என்றால் வா. 'ரண்டி' என்றால் வாருங்கள். 'கூர்ச்சோண்டி' என்றால் அமருங்கள். 'செப்பண்டி' என்றால் சொல்லுங்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் காதுக்கு 'டி' என்று முடிவது பெண்பாலாரை மதிப்பின்றி விளிப்பதுபோல் ஒலிக்கும். அவர்களுக்கோ அந்த 'டி'யிலேதான் மரியாதை முழுவதும் இருக்கிறது. கன்னடத்தில் 'பா' என்றால் வா. 'பன்னி' என்றால் வாருங்கள். நம் வகரம் அங்கே பகரமாகவும், நம் பகரம் ஹகரமாகவும் மாறும் என்ற ஒரு சிறு சூத்திரத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், பால் 'ஹாலு' ஆவதும், பூ 'ஹூ' ஆவதும், போதல் 'ஹோகு' ஆவதும் தாமே விளங்கும். ஆனால் 'குளிதுகொள்ளி' என்று ஒரு கன்னட அம்மாள் உபசரித்தால், நம்மவர் துண்டை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போகவேண்டாம். உட்காருங்கள் என்பதே அதன் பொருள். தெலுங்கர் ஒருவர் சேலையைத் தொட்டு 'எந்த?' என்றால், எந்தச் சேலை என்று கேட்பதாக நினைத்து வேறு நாலு சேலையை விரித்துவிடுகிறோம். அவர் கேட்டது விலை.

இப்பொழுது கைப்பேசியே மொழிபெயர்த்துச் சொல்லிவிடுகிறதே என்பார் உளர். சொல்லுகிறது, அதனை நாமும் மறுக்கவில்லை. ஆனால் எதிரில் நிற்பவர் நமக்கு மூத்தவரா இளையவரா, கடைக்கு வந்தவரா வீட்டுக்கு வந்தவரா என்பதை அக்கருவி கண்டு சொல்லாது. நாம் அதனிடம் 'வா' என்று சொன்னால் அதுவும் பெரும்பாலும் 'வா' என்றே பெயர்க்கும். அண்டைவீட்டுப் பாட்டியம்மாளிடம் கேட்டால், "அது பிள்ளைகளைக் கூப்பிடுவது, மாமாவை அப்படிக் கூப்பிடாதே" என்று திருத்திச் சொல்லுவார்.

முகமன் என்பது ஒரு சொல் மாத்திரம் அன்று. நம்மூரில் ஒருவர் வீட்டு வாயிலில் வந்து நின்றால் நாம் முதலில் சொல்லுவது என்ன? 'வாங்க' என்பது; அடுத்தது 'சாப்பிட்டீர்களா?' என்பது. 'வணக்கம்' என்பது பழைய சொல்லேயானாலும், மேடையிலும் பத்திரிகையிலும் பரவி எல்லாரும் நாள்தோறும் வழங்கும் முகமனாக நிலைபெற்றது இருபதாம் நூற்றாண்டிலேதான். கன்னடத்தாரும் 'ஊட்ட ஆயித்தா?' என்று, சாப்பாடு ஆயிற்றா என்றே கேட்கிறார்கள். கொரிய தேசத்திலும் அன்னம் உண்டீர்களா என்று கேட்டு நலம் விசாரிக்கும் வழக்கம் உண்டு. பசித்திருந்த காலங்களை அறிந்த ஜனங்களின் முகமன் இதுவென்று தோன்றுகிறது. மகமதிய அன்பர்கள் 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்பது, உங்கள்மீது சாந்தி உண்டாகுக என்னும் வாழ்த்து. கொரியரின் 'அன்னியோங் ஹசெயோ' என்பதும், அமைதியாக இருக்கிறீர்களா என்னும் பொருளிற் பிறந்ததே.

விடைபெறும்போது நாம் 'போகிறேன்' என்று சொல்லுவதில்லை. 'போய் வருகிறேன்' என்கிறோம். சிறு பிள்ளை 'போறேன்' என்றால் வீட்டில் அதட்டுவார்கள். தெலுங்கர் 'வெள்ளி வஸ்தானு' என்றும், கன்னடர் 'ஹோகி பருத்தேனே' என்றும் அதனையே சொல்லுகிறார்கள். வங்காளத்தார் இன்னும் ஒரு படி மேலே சென்று, போகும்பொழுது 'ஆஷி', அதாவது 'வருகிறேன்' என்றே சொல்லுகிறார்கள்! இத்தனை தேசத்தாருக்கும் வாசற்படியில் நின்று 'போகிறேன்' என்பதில் ஒரே அச்சம் இருந்திருக்கிறது. எவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு, எவ்வளவு ஒன்றாக நினைத்திருக்கிறார்கள்!

பிற மொழி என்றுகூட வேண்டுவதில்லை. நம் சந்நிதித் தெருவில் வழங்கும் தமிழையே புதிதாக வந்தவர் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அங்கே 'நான்' இல்லை, 'அடியேன்' உண்டு. பிறர் வீடு திருமாளிகை. தம் வீடு குடிசை. உண்பது அமுது செய்தல், உறங்குவது கண்வளர்தல். ரசம் சாத்தமுது, பாயசம் திருக்கண்ணமுது, தண்ணீர் தீர்த்தம். தன்னைத் தாழ்த்தி எதிரிலுள்ளவரை உயர்த்தும் இம்மொழி நம் வீதியிலேயே நாள்தோறும் புழங்குவதால், மரியாதை விகுதி என்றால் என்னவென்று சின்ன காஞ்சிபுரத்தாருக்கு மற்றோர் விளக்கவேண்டுவதில்லை.

அதனாலேதான் இப்போது சொல்லப்போவதைச் சொல்லக் கூசுகிறோம். ஒரிஸ்ஸா, பீகார், வங்காளம் முதலிய இடங்களிலிருந்து வந்த இளைஞர்கள் நம் மாவட்டத்தில் வீடு கட்டுகிறார்கள். உணவுசாலைகளில் வேலை செய்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் உழைக்கிறார்கள். நம் சங்கத்து அங்கத்தினர் சிலரிடத்திலும் வேலைக்கு இருக்கிறார்கள். அவர்களை நம்மவர் எவ்வாறு அழைக்கிறார்கள்? 'ஏய்' என்றும், 'ஹிந்திக்காரன்' என்றும். அவர்களிற் பலருக்கு ஹிந்தி தாய்மொழியே அன்று. ஒடியாவும் வங்காளமும் வேறு பாஷைகள். சென்ற காலத்தில் நம் குலத்துப் பிள்ளைகள் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் பிழைக்கச் சென்றபோது, அவர்களை யாரேனும் பெயர் சொல்லி அழைக்கமாட்டார்களா என்று இங்கே தாய்மார் ஏங்கியிருந்தார்கள். ஒரு தாய்க்கு உள்ளது மற்றொரு தாய்க்கும் உண்டு. அந்த இளைஞனை முதலிற் பெயர் கேட்டு அறியுங்கள். வயதில் மூத்தவனானால், ஹிந்தி பேசுவோனை 'பையா' என்றும், வங்காளியை 'தாதா' என்றும் அழையுங்கள். இரண்டுக்கும் அண்ணன் என்பதே பொருள். 'தாதா' என்பதற்கு நம் சினிமாக்காரர்கள் கற்பித்திருக்கும் அர்த்தத்தை நினைத்து அஞ்சவேண்டாம்.

இதனைக் கேட்டு, ஹிந்தியைப் புகுத்த வந்தோமென்று எவரும் எண்ணலாகாது. 1909இல் அறிஞர் அண்ணா பிறந்த ஊர் இது. அவர் முதன்மந்திரியாயிருந்தபோதுதான், 1968இல், இருமொழிக் கொள்கையைச் சட்டசபை ஏற்றது. பள்ளியில் எதைக் கட்டாயமாக்குவது என்பது வேறு வழக்கு. அதற்குரிய மேடை வேறு. வாசலில் வந்து நிற்பவனை அவன் தாய் அழைத்ததுபோல் அழைப்பதற்குச் சட்டசபை வேண்டியதில்லை.

இருங்காட்டுக்கோட்டையில் கொரிய தேசத்து ஹூண்டாய் தொழிற்சாலை 1998 முதல் கார்களைச் செய்துவருகிறது. அதனை ஒட்டி இப்பக்கத்தில் கொரியக் குடும்பங்கள் வசிக்கின்றன. அவர்களிற் சிலர் பட்டு எடுக்க நம் தெருவுக்கும் வருவதுண்டு. நண்பனுக்கு 'அன்னியோங்' என்று மட்டும் சொல்லி, மூத்தவருக்கு 'ஹசெயோ' சேர்த்துத் தலை தாழ்த்துவது அவர்கள் முறை. தந்தையை அவர்களும் 'அப்பா' என்றே அழைக்கிறார்கள். இதைக்கொண்டு இரு மொழிக்கும் உறவு கற்பிப்போரை நாம் பின்பற்றவில்லை. ஆனால் ஒரு கொரியக் குழந்தை கடையில் 'அப்பா' என்று கூப்பிட்டபோது உள்ளேயிருந்த நம்மவர் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

கற்கும் வழியைப் பற்றி அதிகம் சொல்லவேண்டுவதில்லை. முப்பது நாளிற் கற்பிக்கும் புத்தகங்கள் கடைகளில் உண்டு, வாங்குவோர் வாங்கலாம். அவற்றினும் மேலான ஆசிரியர்கள் அடுத்த தெருவில் இருக்கிறார்கள் என்பதே நாம் சொல்லவந்தது. தேவாங்கர் வீட்டுப் பெரியவர்களும், பட்டுநூல்காரர் வீட்டு அம்மாள்களும் தம் பேரப்பிள்ளைகள் வீட்டுப் பாஷையை மறந்துவருவதைக் கண்டு மனம் வருந்துகிறார்கள். நம் பிள்ளை போய், "இதற்கு உங்கள் பாஷையில் என்ன?" என்று கேட்டால் அவர்களுக்கு அன்று திருநாள். கேட்கும் பிள்ளையைக் கண்டு அவ்வீட்டுப் பேரனும் அருகில் வந்து உட்காருவான்.

வருகிற வைகாசித் திருவிழாவின் மூன்றாம் நாள், கருட சேவைக்கு நம் சங்கத்தின் தண்ணீர்ப் பந்தல் வழக்கம்போல் நடைபெறும். இவ்வாண்டு பந்தலின் முகப்பில் ஒரு பலகை வைக்கலாமென்று காரியக் கமிட்டியார் இசைந்திருக்கிறார்கள். தமிழிலும், தெலுங்கிலும், கன்னடத்திலும், ஹிந்தியிலும் 'வாருங்கள், தண்ணீர் அருந்துங்கள்' என்னும் வாசகம், அந்தந்த எழுத்தில், மரியாதை விகுதியோடு எழுதப்படும். பந்தலில் நிற்கும் பிள்ளைகள் அவற்றை வாயாலும் சொல்லப் பழகவேண்டும். தெலுங்கும் கன்னடமும் திருத்திக்கொடுக்க அடுத்த தெருப் பெரியவர்கள் இருவர் இசைந்துவிட்டார்கள். ஹிந்திக்கு, நம் அங்கத்தினர் ஒருவர் வீட்டில் கொத்து வேலை செய்யும் பீகாரத்து இளைஞரைக் கேட்டிருக்கிறோம். பந்தலிற் பணி செய்ய விரும்பும் பிள்ளைகள் தங்கள் பெயர்களைச் சங்கக் காரியாலயத்தில் திருவிழாவுக்குப் பத்து நாள் முன்னதாகக் கொடுத்துவிட வேண்டுகிறோம்.