எங்கள் தெருவை அடைத்தது எந்தச் சட்டம்?

(திருவொற்றியூரில் சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)

ஏழாம் அட்டவணையை நாம் எல்லோருமே நடத்துகிறோம். மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டு, கட்டத்துக்கு நான்கு எடுத்துக்காட்டு எழுதினால் பாடம் முடிந்தது. 2020-இல் அந்தக் கட்டங்கள் நம் தெருவுக்கே வந்துவிட்டன. அந்த மே மாதம் சென்னை மண்டலங்களில் தொற்று அதிகம் இருந்தது இராயபுரத்தில். தகரம் அடித்துத் தெருக்களை மூடினார்கள். "எந்தச் சட்டத்துல சார் எங்க தெருவை அடைச்சாங்க?" என்று பள்ளி திறந்தபின் ஒரு மாணவன் கேட்டான்.

ஒரே சட்டத்தைக் காட்டிப் பதில் சொல்ல முடியாது. பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில் 6-ஆவது இனம். தொற்றுநோய் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குப் பரவாமல் தடுப்பது பொதுப் பட்டியலில் 29-ஆவது இனம். நாடு தழுவிய ஊரடங்குக்கு மத்திய அரசு 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைப் பயன்படுத்தியது. நம் மாநில அரசு, பம்பாய் பிளேக் காலத்தில் ஆங்கிலேயர் இயற்றிய 1897-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டத்தின்கீழ் விதிமுறைகள் வெளியிட்டது. நான்கே பிரிவுகளோடு பிறந்த சட்டம் அது. அரசுக்கு அதிகாரம் தாராளம்; நோயாளியின் உரிமை பற்றி ஒரு வரி கிடையாது. உரிமையைத் தேடினால் அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவுக்குத்தான் போக வேண்டும்.

போகவும் நேர்ந்தது. ஏப்ரல் 19 இரவு, கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் சென்னையில் கூட்டம் கூடித் தாக்கியது. ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்தது. உடன் பணியாற்றிய மருத்துவரே மண் தள்ளிக் குழியை மூட வேண்டியதாயிற்று. மறுநாளே உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்து, கண்ணியமான அடக்கமும் 21-ஆவது பிரிவில் அடங்கும் என்றது. ஏப்ரல் 22-இல் மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோரைத் தண்டிக்க மத்திய அரசு 1897 சட்டத்தைத் திருத்தி அவசரச் சட்டம் கொண்டுவந்தது. சில நாளில் தமிழ்நாடும் தன் 1939-ஆம் ஆண்டுப் பொது சுகாதாரச் சட்டத்தை அவசரச் சட்டத்தால் திருத்தியது: அடக்கத்தைத் தடுத்தால் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. ஒரே வாரம், இரண்டு பட்டியல், இரண்டு அவசரச் சட்டம். பாடநூல் எழுதுபவர்கூட இவ்வளவு பொருத்தமான எடுத்துக்காட்டைக் கற்பனை செய்ய மாட்டார்.

நீதிமன்றம் எதுவரை போகலாம் என்பதிலும் சண்டை உண்டு. மே 8-இல் டாஸ்மாக் கடைகளை மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். அது அரசின் கொள்கை முடிவு என்று மாநில அரசு மேல்முறையீடு செய்தது. மே 15-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. (வகுப்பில் இதை நடத்தத் தயங்குவோம், பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும்.)

நமக்கு நெருக்கமானது பத்தாம் வகுப்புத் தேர்வு. மார்ச்சில் தள்ளிவைத்து, ஜூன் 1 என்று சொல்லி, பிறகு ஜூன் 15 என்றார்கள். 9 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆபத்தில் நிறுத்துவதா என்று உயர் நீதிமன்றம் கேட்டது. தீர்ப்பு வருமுன்பே, ஜூன் 9-இல் அரசு தேர்வை ரத்து செய்தது. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 விழுக்காடு, வருகைப் பதிவுக்கு 20. நம் கையால் எழுதிய வருகைப் பதிவேடு அன்று சான்றாவணம் ஆனது. தேர்வை ரத்து செய்தது நீதிமன்றமா, அரசா என்று உங்கள் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் நீதிமன்றம் என்பார்கள். அங்கிருந்து பாடத்தைத் தொடங்கலாம்.