உலகத்திடம் கேட்கிற நியாயத்தை உள்ளூரில் கொடு!

(சோழவரத்தில் சுற்றுச்சூழல் நீதி கேட்டு நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

களத்து வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கிற அரிசி ஆலைத் தோழர்களே, எண்ணூரிலிருந்தும் மீஞ்சூரிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கிற மீனவச் சொந்தங்களே, தாய்மார்களே!

எனக்குக் கொடுத்திருக்கிற நேரம் குறைவு. அதனால் சுற்றி வளைக்காமல் குற்றச்சாட்டை முதலிலேயே வைத்துவிடுகிறேன். நம் அரசுகள் வெளிநாட்டு மேடையில் ஒரு நியாயம் பேசுகின்றன. சோழவரத்துக்கும் எண்ணூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் வரும்போது அந்த நியாயத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வருகின்றன.

வெளிநாட்டில் என்ன பேசுகிறார்கள்? 1992இல் ரியோ டி ஜெனீரோவில் உலக நாடுகள் கூடின. பூமி சூடாவதற்கு எல்லோரும் பொறுப்புத்தான், ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவு பொறுப்பு கிடையாது, அதிகம் கெடுத்தவன் அதிகம் சுமக்க வேண்டும் என்று இந்தியா போன்ற நாடுகள் வாதாடின. அது ஒப்பந்தத்திலேயே ஏறியது. 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில், நிலக்கரியை ஒழிப்போம் என்று இருந்த வாசகத்தைக் குறைப்போம் என்று கடைசி நேரத்தில் மாற்ற வைத்தது இந்தியா. 2022இல் எகிப்தில், புயலாலும் வெள்ளத்தாலும் அழிகிற ஏழை நாடுகளுக்குத் தனி நிதி வேண்டும் என்ற தீர்மானம் நிறைவேறியது. பணக்கார நாடு புகை விட்டது, ஏழை நாடு மூச்சுத் திணறுகிறது, ஆகவே பணக்காரன் கொடுக்க வேண்டும். நூற்றுக்கு நூறு சரி. நானும் கை தட்டுகிறேன்.

கை தட்டிவிட்டு ஒரு கேள்வி கேட்கிறேன். அதே தராசைச் சென்னைக்கும் சோழவரத்துக்கும் நடுவில் வைக்கலாமா? கரெண்ட் யாருக்கு, சாம்பல் யாருக்கு? தண்ணீர் யாருக்கு, உப்பு யாருக்கு?

தண்ணீரிலிருந்தே தொடங்குவோம். நம் ஏரி சென்னைக்குத் தண்ணீர் கொடுக்க ஆரம்பித்தது வெள்ளைக்காரன் காலத்தில். கொசஸ்தலை ஆற்றைத் தாமரைப்பாக்கத்தில் மறித்து, கால்வாய் வெட்டி, சோழவரத்தில் நிரப்பி, செங்குன்றத்துக்கு இறக்கினார்கள். 1872 முதல் பட்டணம் இந்தத் தண்ணீரைக் குடிக்கிறது. இன்றைக்கு இந்த ஏரியின் கொள்ளளவு 1,081 மில்லியன் கன அடி. பட்டணத்துக்காரர்கள் ஒரு காலத்தில் இன்னொரு காரணத்துக்காகவும் சோழவரம் வந்தார்கள். யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் பார்க்க. பந்தயம் நின்றுபோனது. தண்ணீர் எடுப்பது நிற்கவில்லை.

குடிக்கிற தண்ணீரைக் கொடுப்பதில் நமக்கு வருத்தம் இல்லை. தாகத்துக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்கிற ஊர் இது கிடையாது. ஆனால் ஏரி போதாமல் பூமிக்குள்ளும் கை விட்டார்கள். 1960களில் ஐ.நா. உதவியோடு ஆராய்ந்து மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று வரிசையாகக் கிணறுகள் போட்டார்கள். பட்டணத்துக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் ஆண்டுக்கணக்கில் இறைத்தார்கள். நல்ல தண்ணீர் இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் கடல் வந்தது. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் பல கிலோமீட்டர் தூரத்துக்கு உப்பு ஏறிவிட்டது. முப்போகம் விளைந்த மண்ணில் மோட்டார் போட்டால் உப்புத் தண்ணீர். பிறகு 2010இல் அதே மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் ஒரு ஆலை திறந்தார்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, நாளைக்கு 10 கோடி லிட்டர். அந்தத் தண்ணீரும் குழாயில் ஏறி எங்கே போனது? சென்னைக்கு. கிணற்றைப் பறிகொடுத்தவன் கேன் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறான்.

தேர்வாய் கண்டிகையை எடுத்துக்கொள்ளுங்கள். தலித் மக்கள் ஆடு மாடு மேய்த்த, விறகும் மூலிகையும் எடுத்த பொது நிலம், ஆயிரம் ஏக்கருக்கு மேல், சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போனது. பிரெஞ்சு டயர் கம்பெனி மிச்செலின் வந்தது. அந்த மக்கள் சும்மா இருக்கவில்லை. இங்கே போராடினார்கள். கேட்க ஆளில்லை என்றதும், 2012இல் பிரான்ஸ் நாட்டு அமைப்புகளோடு கைகோத்துப் பாரீஸ் வரைக்கும் புகார் கொண்டுபோனார்கள். அதே கண்டிகையில்தான் 2020இல் சென்னைக்குக் குடிநீர் தரும் புதிய நீர்த்தேக்கமும் திறந்தார்கள். ஒரே ஊர் ஆலைக்கும் நிலம் கொடுத்தது, பட்டணத்துக்கும் தண்ணீர் கொடுத்தது. இப்படிப் பட்டணம் எடுத்துக்கொண்டே இருக்கிற கணக்கில் வரவு எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது?

இப்போது சாம்பலுக்கு வருகிறேன். இதே கொசஸ்தலை கடலில் சேருகிற இடம் எண்ணூர். வடசென்னை அனல்மின் நிலையம் அங்கே. வல்லூர் அனல்மின் நிலையம் அங்கே. நிலக்கரி எரித்த சாம்பலைக் கடல்நீரில் கலக்கிக் குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்குத் தள்ளுகிறார்கள். குழாய் ஓட்டையானால் அந்தக் குழம்பு ஆற்றில். செப்பாக்கத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். சாம்பல் குளத்தை ஒட்டிக் குடியிருக்கிறார்கள். மேல்காற்று அடித்தால் கொடியில் காயும் துணியிலும் சாம்பல், மூடி வைத்த சோற்றுப் பானையிலும் சாம்பல். ஆற்றில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிற பெண்கள், இடுப்பளவு தண்ணீர் இருந்த இடத்தில் இப்போது முழங்கால் அளவு சாம்பல் சேற்றில் நிற்கிறார்கள்.

எண்ணூர் மீனவர் ஒருவர் 2016இல் பசுமைத் தீர்ப்பாயம் போனார். 2022 ஜூலையில் தீர்ப்பு வந்தது. மின்வாரியம்தான் பொறுப்பு, ஆற்றை மீட்க வேண்டும் என்று சொன்னது. தீர்ப்பு வாங்க ஆறு வருடம். சாம்பல் இன்னும் அள்ளி முடியவில்லை.

அடுத்த வருடமே, 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சி.பி.சி.எல். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் வந்து கழிமுகம் முழுக்கப் படிந்தது. அதை யார் அள்ளினார்கள் தெரியுமா? மீனவர்கள். கையில் பிளாஸ்டிக் மக்கும் பக்கெட்டும். பலருக்கு உறை கிடையாது, முகமூடி கிடையாது. அதிகம் பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு அரசு கொடுத்தது 12,500 ரூபாய். எண்ணெய்க் கறை போவதற்குள், அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில், பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகிற அமோனியாக் குழாய் கசிந்தது. தூங்கிய பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு சனங்கள் ஓடினார்கள். ஒரே மாதத்தில் ஒரே கரைக்கு வெள்ளம், எண்ணெய், விஷவாயு. தென்சென்னைக் கொட்டிவாக்கத்தில் இப்படி நடந்திருந்தால் விட்டிருப்பார்களா?

இத்தனைக்கும் மேலே இன்னும் வேண்டுமாம்! காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கத் திட்டம். 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்தார்கள், மக்கள் எதிர்ப்புக்கு நடுவே இரண்டும் நடக்காமல் போனது. 2017இல் மூடிய பழைய எண்ணூர் அனல்மின் நிலையத்தின் இடத்தில் 660 மெகாவாட்டுக்குப் புது அலகு. 2024 டிசம்பர் 20இல் எர்ணாவூரில் கருத்துக்கேட்பு. மக்கள் வேண்டாம் என்று சொன்னார்கள். கருத்தைக் கேட்டார்கள் தோழர்களே, கேட்டார்கள்... காதில் வாங்கினார்களா என்பதுதான் கேள்வி!

புகையைக் கட்டுப்படுத்தச் சட்டம் இல்லையா? இருந்தது. 2015 டிசம்பரில் மத்திய அரசு அனல்மின் நிலையங்களுக்குக் கந்தகப் புகை வரம்பு விதித்து இரண்டு வருடம் கெடு கொடுத்தது. கெடு தள்ளிப்போனது, திரும்பவும் தள்ளிப்போனது, 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான அலகுகளுக்குக் கந்தகம் நீக்கும் கருவி வைக்கும் கட்டாயமே இல்லை என்றாகிவிட்டது. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்!

இதைக் கேட்கிற எங்களைப் போன்ற சுற்றுச்சூழல் அமைப்புகளுக்கு என்ன பட்டம் தருகிறார்கள் தெரியுமா? வளர்ச்சிக்கு விரோதி. வெளிநாட்டுக் கைக்கூலி. ஐயா, வெளிநாட்டு முதலீட்டுக்கு வாசலில் கோலம் போட்டு ஆரத்தி எடுப்பது நீங்கள், கைக்கூலி நாங்களா? நாங்கள் செய்கிற வேலையைச் சொல்கிறேன். நூற்றுக்கணக்கான பக்கம் ஆங்கிலத்தில் இருக்கிற சுற்றுச்சூழல் அறிக்கையைப் படித்து, உங்கள் ஊர்த் திண்ணையில் உட்கார்ந்து தமிழில் சொல்கிறோம். ஆர்.டி.ஐ. மனு எழுதுகிறோம். அப்படி ஒரு ஆர்.டி.ஐ.தான் 2017இல் ஒரு திருட்டைப் பிடித்தது. 1996இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த கடலோர வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் பாதுகாக்க வேண்டிய நீர்ப்பரப்பு. பின்னால் வந்த வரைபடத்தில் கழிமுகமே இல்லை! வடிவேலு கிணற்றைக் காணோம் என்று போலீசில் புகார் கொடுத்தார், சிரித்தோம். இங்கே ஆற்றையே காணோம், யார் மேல் புகார் கொடுப்பது?

இந்த வேலை இன்று தொடங்கியதும் கிடையாது. 1980களில் நெடுஞ்செழியனும் நண்பர்களும் பூவுலகின் நண்பர்கள் என்ற அமைப்பைத் தொடங்கியபோது கையில் இருந்தது புத்தகங்கள்தான். கூடங்குளம் வழக்கை அந்த அமைப்பின் சுந்தர்ராஜன் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார். 2013இல் அணு உலையை நிறுத்த முடியவில்லை, ஆனாலும் நீதிமன்றம் நிபந்தனைகள் விதித்தது. அமெரிக்காவில் 1982இல் வாரன் கவுன்டி என்ற பகுதியில், கறுப்பின மக்கள் வாழும் இடத்தில் நச்சு மண்ணைக் கொட்ட லாரி வந்தபோது, மக்கள் ரோட்டில் படுத்து மறித்தார்கள். குப்பை கொட்ட ஏன் எப்போதும் எங்கள் தெரு என்று அவர்கள் கேட்ட கேள்வியைத்தான் நாமும் கேட்கிறோம்.

தமிழக அரசுக்கும் ஒரு வார்த்தை. காலநிலை மாற்ற இயக்கம் தொடங்கினீர்கள், 2022இல். வரவேற்றோம். வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று 2024 அக்டோபரில் அறிவித்தீர்கள். வெயிலில் செத்தால் குடும்பத்துக்கு 4 லட்சம். சரி. சாகாமல் இருக்க என்ன வழி? இந்தச் செங்குன்றம், சோழவரம் அரிசி ஆலைகளில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் களத்தைப் பாருங்கள். அவித்த நெல்லை ஆவியோடு சிமெண்ட் தரையில் கொட்டி, வெறுங்காலால் துழாவிக் கிளறுகிறார்கள் பெண்கள். மேலே வெயில், கீழே கொதிக்கிற நெல். உங்கள் காலநிலைக் கொள்கையில் அந்தப் பெண்ணின் பாதம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? மரம் நட்டு போட்டோ எடுத்தால் அந்தக் கால் ஆறுமா?

ஆகவே நம் கோரிக்கைகள். ஒன்று, ஆலை ஆலையாகத் தனித்தனியே கணக்குப் பார்க்காதே. மீஞ்சூர் முதல் கும்மிடிப்பூண்டி வரை எல்லா ஆலைப் புகையும் சேர்ந்து ஒரு நெஞ்சுக்குள் போகிறது, எல்லாவற்றையும் சேர்த்து அளந்துவிட்டு அடுத்த அனுமதியைப் பேசு. இரண்டு, கெடுத்தவன் காசில் ஆற்றைச் சுத்தம் செய். பாலாற்றுத் தோல் ஆலை வழக்கில், 1996இல், கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டு வழக்கு அது, தமிழ்நாட்டிலேயே நிறைவேற்று. மூன்று, வெயில் நேரத்தில் களத்திலும் செங்கல் சூளையிலும் வேலையை நிறுத்தி வை, கூலியில் பிடித்தம் இல்லாமல். நான்கு, நிலக்கரி ஆலையை மூடும் நாளில் அங்கே வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு மாற்று வேலையைக் கையில் கொடுத்துவிட்டு மூடு. அவனும் நம் ஆள்தான், அவன் வயிற்றில் அடித்துப் பூமியைக் காப்பாற்ற நமக்கு விருப்பமில்லை.

பருவநிலை மாற்றத்தின் கேட்டிலிருந்து காக்கப்படுவது குடிமகனின் உரிமை என்று 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அரசியல் சாசனத்தின் 14, 21ஆம் பிரிவுகளில் அந்த உரிமை இருக்கிறது. உரிமை என்றால் மனு போட்டுக் கெஞ்சுகிற விஷயமா?

வருகிற கிராமசபையில், ஒவ்வொரு ஊராட்சியிலும், இந்த நான்கையும் தீர்மானமாக எழுதுங்கள். அதிகாரி பேனா எடுக்கத் தயங்கினால் உங்கள் பேனாவை நீட்டுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை எழுந்து போகாதீர்கள். ஒரு ஊர் எழுதினால் குப்பைக் கூடையில் போடுவார்கள். மீஞ்சூர், சோழவரம், கும்மிடிப்பூண்டி மூன்று ஒன்றியமும் எழுதினால் கோட்டையில் பதில் சொல்லியாக வேண்டும். உலகத்திடம் நீதி கேட்கிற நாட்டுக்கு, அந்த நீதியைச் சோழவரத்துக்குத் தருகிற கடமை இருக்கிறது. தரும்வரை கேட்போம், தராவிட்டால் ஓட்டுக் கேட்டு வரும் ஒவ்வொருவனையும் வாசலிலேயே நிறுத்திக் கேட்போம்!