கரையும் மாத்திரையும் நகரும் எல்லையும்

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. முதியோர் உள்ள இல்லங்களில் நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்திற்கோ உரிய மாத்திரைகள் இல்லாத அலமாரி அரிது. மாத்திரை பெரிதாயிருப்பின், விழுங்க எளிதாகுமென்று அதை இடித்துப் பொடியாக்கிக் கொடுப்பாரும் உளர். அன்பினால் செய்யும் இச்செயல் சில வேளை தீங்காய் முடியக்கூடும். அதன் காரணத்தை இன்று ஆராய்வோம்.

நீரில் விழுந்த மைத்துளி மெல்லப் பரவுகிறது. நீரின் மூலக்கூறுகள் மைத்துகளை நாற்புறமும் மோதித் தள்ளுகின்றன. இவ்வாறு திக்கின்றி அலையும் துகள் இருமடங்கு தொலைவு செல்ல, நான்கு மடங்கு காலம் பிடிக்கும். 1905-இல் ஐன்ஸ்டைன் நிறுவிய விதி இது. லாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1943-இல் வெளியிட்ட நெடுங்கட்டுரையில், துகளைத் திருப்பியனுப்பும் சுவரையும், விழுங்கிவிடும் சுவரையும் கணக்கிட்டுக் காட்டினார். அவை நிலையான சுவர்கள். சுவரே நகருமானால் யாது நிகழும்?

மருந்து கரைந்த பகுதிக்கும் கரையாத பகுதிக்கும் இடையேயுள்ள எல்லை உள்நோக்கி நகர்ந்துகொண்டே போகிறது. வெளிவர வேண்டிய மருந்திற்கு வழி நீள்கிறது. களிம்பில் கலந்த மருந்தைக் குறித்து 1961-இல் இதனைக் கணக்கிட்டவர் டக்கேரு ஹிகுச்சி. முதல் மணியில் ஒரு பங்கு வெளிவந்தால், நான்கு மணி கழிந்தபோது இரண்டு பங்கே வந்திருக்கும். ஒன்பது மணி கழிந்தபோது மூன்று.

நோயாளிக்கோ மருந்து நாள் முழுதும் ஒரே சீராகக் கிடைக்க வேண்டும். ஆகவே நீரை உறிஞ்சிக் கூழாக உப்பும் பொருளில் அதனைப் பொதிகின்றனர். நீர் புகும் எல்லை உள்ளே செல்கிறது. கூழின் வெளியெல்லையோ முதலில் விரிந்து, பின்னர் கரைந்து தேய்கிறது. அப்பொருளின் இழைகள் இளகுவதற்கும் காலம் பிடிக்கிறது. இவற்றால் மேற்சொன்ன கணக்கு பிறழ்கிறது. இதனை முறைபிறழ்ந்த பரவல் எனலாம். இரு எல்லைகளும் ஒத்த வேகத்தில் உள்நோக்கி நகருமாயின், அவற்றின் இடைவெளி மாறாது. மருந்தும் மணிக்கு மணி ஏறத்தாழ ஒரே அளவில் வெளிவரும். இப்பிறழ்வே நோயாளிக்கு நன்மை.

இத்தகைய மாத்திரையைப் பொடித்தால் அவ்வெல்லைகள் யாவும் அழிகின்றன. ஒரு நாளைக்குரிய மருந்து சிறிது நேரத்தில் உடலிற் சேர்கிறது. இரத்த அழுத்த மருந்தாயின், அழுத்தம் திடீரெனத் தாழ்ந்து மயக்கம் நேரலாம். மாறாக, முழுதாக விழுங்கிய பின் மலத்தில் மென்மையான கூடு காணப்பட்டால் அஞ்ச வேண்டுவதில்லை. அது பெரும்பாலும் மருந்து வெளியேறியபின் எஞ்சிய கூழே.

மருந்தின் பெயருக்குப் பின் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர். என்னும் எழுத்துகள் உள்ளனவா என்று பாருங்கள். இருப்பின், மருத்துவரைக் கேளாது பொடிக்கவோ உடைக்கவோ வேண்டாம். விழுங்க இயலாத முதியோர்க்கு வேறு வடிவ மருந்து கிடைக்கக்கூடும். மருந்துக்கடைக்காரர் பேசுவது கன்னடமாயினும் இந்தியாயினும், அட்டையிலுள்ள அவ்வெழுத்துகளைச் சுட்டிக் காட்டி வினவுவது எளிது.