படைக்கல உரிமமும் மனநோயாளரின் உரிமையும்

(பயிற்சியிலுள்ள அலுவலர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கும் ஒருவர் மனம் கலங்கிய நிலையில் இருப்பதாக அவருடைய மனைவியோ மகனோ மாவட்ட நிர்வாகத்திடம் வந்து முறையிட்டால் அலுவலர் செய்யத்தக்கது என்ன? துப்பாக்கியை உடனே எடுத்துக்கொண்டால், குற்றம் ஏதும் புரியாத ஒருவரின் உடைமை அவர் தரப்பைக் கேளாமலே பறிக்கப்படுகிறது. விசாரணை முடியட்டும் என்று பொறுத்திருந்தால் அதற்குள் ஓர் உயிர் போய்விடக்கூடும். இவ்விக்கட்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஆராயப்பட்டு வருகிறது. அந்நாட்டின் அனுபவத்தை முதலில் நோக்கினால், நம் நாட்டுச் சட்டத்தின் நிறைகுறைகள் தெளிவாகும்.

2004 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இண்டியானாபொலிஸ் நகரக் காவல் துறையினர், மனநோய்க்கு ஆளாகியிருந்த ஒருவரிடமிருந்து துப்பாக்கிகளை எடுத்து வைத்தனர். அவற்றைத் தொடர்ந்து தம்மிடம் வைத்திருக்கச் சட்டத்தில் இடமில்லாமையால் பின்னர் அவரிடமே திருப்பிக் கொடுத்தனர். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர் தம் தாயையும் காவல் அதிகாரி ஒருவரையும் சுட்டுக் கொன்றார். 2005 ஆம் ஆண்டில் இண்டியானா மாநிலம் இதற்கெனச் சட்டம் இயற்றியது. கனெக்டிகட் மாநிலம் அதற்கும் முன்பே, 1998 இல் அரசு லாட்டரி அலுவலகத்தில் நிகழ்ந்த கொலைகளை அடுத்து, 1999 இல் இத்தகைய சட்டத்தைக் கொண்டுவந்திருந்தது.

கனெக்டிகட் சட்டம் முதலில் இயற்றப்பட்ட வடிவில் கூர்ந்து படிக்கத்தக்கது. காவலர்கள் தாம் அறிந்த செய்திகளை உறுதிமொழியுடன் நீதிபதியிடம் வைக்கவேண்டும். அவர் ஆணை பிறப்பித்த பின்னரே துப்பாக்கியை எடுக்கலாம். எடுத்த 14 நாட்களுக்குள் உரியவரை அழைத்து விசாரிக்கவேண்டும். ஆபத்து உண்டு என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசைச் சார்ந்தது. அவ்வாறு மெய்ப்பித்தாலும் ஓராண்டுக்கு மேல் வைத்திருக்க இயலாது. இன்னும் முக்கியமானது, சட்டம் முதலில் நோக்குவது நோயின் பெயரை அன்று. அண்மையில் அவர் விடுத்த மிரட்டல், தம்மையோ பிறரையோ தாக்கிய செயல், விலங்குகளிடம் காட்டிய கொடுமை ஆகியவற்றையே அது நோக்குகிறது. மனநல மருத்துவமனையில் கட்டாயமாக வைக்கப்பட்டிருந்தமை துணைச் செய்தியாக மட்டுமே கருதப்படும். இதற்கு மாறாக, அந்நாட்டின் 1968 ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம், ஆணையின் பேரில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவருக்குக் காலவரையறையின்றித் துப்பாக்கியை மறுத்தது. குணமடைந்தவர் அவ்வுரிமையை மீளப் பெறுவதற்கு மாநிலங்கள் வழி செய்யவேண்டும் என்று ஊக்குவிக்கும் சட்டம் 2008 இல்தான் நடைமுறைக்கு வந்தது.

கனெக்டிகட் சட்டத்தின் விளைவை அளந்த ஆய்வொன்று 2017 இல் வெளியாயிற்று. ஏறத்தாழ பத்து முதல் இருபது பேரிடமிருந்து துப்பாக்கியை எடுத்தபோது ஒரு தற்கொலை தவிர்க்கப்பட்டது என்பது அதன் மதிப்பீடு. பொருளியல் பயின்றோர் இவ்வெண்ணை இரு பக்கமும் திருப்பிப் பார்ப்பர். காக்கப்பட்ட உயிர் ஒன்று; அது சிறிய பயனன்று. ஆனால் எஞ்சிய ஒன்பது முதல் பத்தொன்பது பேர், துப்பாக்கி தம்மிடமே இருந்திருந்தாலும் தற்கொலை செய்துகொண்டிருக்க மாட்டார்கள் என்று கொள்ள இடமுண்டு. அவர்களுள் யார் காக்கப்பட்டவர் என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆகவே உரிய விசாரணையும் கால வரையறையும் அந்த எஞ்சியோருக்காகவே தேவைப்படுகின்றன. வேறொரு செலவும் உண்டு. மருத்துவரிடம் செல்வதே துப்பாக்கியை இழக்கும் வழி என்று மக்கள் எண்ணத் தொடங்கினால், சிகிச்சை மிகவும் தேவைப்படுவோரே நோயை மறைப்பர். அச்செலவு எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை.

இனி நமது நாடு. இங்கே துப்பாக்கி வைத்திருப்பது அடிப்படை உரிமையன்று, உரிமத்தால் வருவது. எனினும் பயிர்க் காவலுக்காக உரிமம் பெற்ற உழவருக்கு அது பிழைப்போடு ஒட்டிய பொருள். 1959 ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் 17 ஆம் பிரிவின்படி, உரிமம் பெற்றவர் சித்த சுவாதீனம் அற்றவர் என்று அதிகாரி கருதினால் உரிமத்தை நிறுத்தி வைக்கலாம் அல்லது ரத்துச் செய்யலாம். பொதுமக்களின் பாதுகாப்புக்கு அவசியம் என்று கருதினாலும் அவ்வாறே செய்யலாம். 22 ஆம் பிரிவு இன்னும் விரிவானது. ஒருவரிடம் படைக்கலம் இருப்பது பொது அமைதிக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்று நம்பக் காரணமிருந்தால், மாவட்ட மாஜிஸ்திரேட் அக்காரணத்தை எழுதி வைத்துச் சோதனையிடச் செய்து, சட்டப்படி அவர் வைத்திருக்கத் தகுந்த படைக்கலத்தையும் தேவையான காலம் வரை பாதுகாப்பில் வைக்கலாம். கனெக்டிகட் 1999 இல் கண்டறிந்த வழியை நம் நாடாளுமன்றம் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே வகுத்துவிட்டது எனலாம். ஆயின் 14 நாள் இங்கே இல்லை. ஓராண்டு எல்லையும் இல்லை. ‘தேவையான காலம்’ என்பது ஆணையிடுபவரின் கருத்தைப் பொறுத்தது.

இந்நிலையில் 2017 ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்து, 2018 மே மாதம் நடைமுறையேற்றது. ஒருவருக்கு மனநோய் உண்டு என்று தீர்மானிப்பதனாலேயே, தகுதியுள்ள நீதிமன்றம் அவ்வாறு அறிவித்தாலன்றி, அவரைச் சித்த சுவாதீனம் அற்றவர் என்று கொள்ளலாகாது என்கிறது அதன் 3 ஆம் பிரிவு. முன்பு சிகிச்சை பெற்றதோ மருத்துவமனையில் தங்கியதோ மட்டும் இன்றைய நோய்க்குச் சான்றாகாது என்றும் அது கூறுகிறது. முரண்படும் பிற சட்டங்களை இச்சட்டம் விஞ்சி நிற்கும் என்பது 120 ஆம் பிரிவு. எனவே பழைய மருத்துவமனைச் சீட்டு ஒன்றைக் கோப்பில் இணைத்து, ‘சித்த சுவாதீனம் அற்றவர்’ என்ற ஒரு தொடரால் உரிமத்தை ரத்துச் செய்யும் ஆணை மேல்முறையீட்டில் நிலைப்பது அரிது. அந்தச் சீட்டு அலுவலகத்திற்கு எவ்வாறு வந்தது என்ற கேள்வியும் எழும்; நோயாளியின் செய்திகளை மறைவாகக் காப்பது 23 ஆம் பிரிவின் கட்டளை. பிறரை ஊறினின்று காக்கத் தேவையான அளவுக்கே அதில் விலக்கு உண்டு.

அலுவலருக்கு உறுதியான வழி, நடத்தையை அடிப்படையாகக் கொள்வதே. எந்த நாளில், யாரிடம், என்ன சொன்னார், என்ன செய்தார் என்பதைக் குடும்பத்தினரின் வாக்குமூலமாகப் பதிவுசெய்து, பொதுப் பாதுகாப்பு என்ற காரணத்தின் மேல் ஆணை பிறப்பிக்கலாம். அவசரத்தில் முன்னறிவிப்பின்றி நடவடிக்கை எடுத்துப் பின்னர் விசாரிப்பது நம் நீதி மரபுக்குப் புறம்பானதன்று. கடவுச் சீட்டு முடக்கப்பட்டது பற்றிய மேனகா காந்தி வழக்கில் 1978 இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. ஆனால் அப்பிந்திய விசாரணை தாமதமின்றி நடைபெறவேண்டும் என்பதும் அத்தீர்ப்பின் கருத்தாகும். 2016 ஆம் ஆண்டு விதிகள் கோரும் மருத்துவச் சான்றிதழ் இவ்வகையில் பெரிதும் உதவாது. 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் உரிமம் ஐந்தாண்டு செல்லும். ஒரு நாளில் பெற்ற சான்று ஐந்தாண்டு மனநிலைக்குப் பிணை நிற்பதில்லை.

எடுத்த துப்பாக்கி என்னவாகிறது என்பதை அலுவலர்கள் பொதுவாக மறந்துவிடுகின்றனர். 21 ஆம் பிரிவின்படி அதைக் காவல் நிலையத்தில் மட்டுமன்றி, உரிமம் பெற்ற வணிகரிடமும் ஒப்படைக்கலாம். உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ள காலத்துக்காக அதை அரசுக்குப் பறிமுதல் செய்ய இயலாது; வைத்திருக்கும் தகுதி மீண்டால் உரியவர் திரும்பப் பெறலாம். உழவர் இதை அறிந்திருப்பதில்லை. பல சமயம் அவருக்கு எவரும் சொல்வதுமில்லை. சட்டம் திருத்தப்படும்வரை இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நிறுத்தி வைக்கும் ஆணையிலேயே விசாரணை நாள், நிறுத்தம் முடியும் நாள், மேல்முறையீட்டு அதிகாரியின் பதவிப் பெயர், துப்பாக்கி வைக்கப்பட்டுள்ள இடம் ஆகியவற்றை எழுதிவிடலாம். அதற்குக் கூடுதலாக நான்கு வரிகளே தேவைப்படும்.