பருப்பு வேகாத ஊர்கள்

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் இந்தக் கல்லூரியில் பட்டம் பெறும் பிள்ளைகளே, எனக்குக் கிடைத்த நேரத்தை, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு எடுத்துக்கொள்கிறேன்.

மண்ணைப் பரிசோதிப்பதுதான் என் வாழ்நாள் வேலை. கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் நான் படித்தபோது மண்ணியல் வகுப்பில் பெண்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தோம். ஒரு பிடி மண்ணை ஈரமாக்கிப் பிசைந்து, கட்டைவிரலால் நாடா மாதிரி நீட்ட வேண்டும். அறுபடாமல் எவ்வளவு நீளம் வருகிறது என்று பார்த்துக் களிமண் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். எங்கள் பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டு செய்யச் சொல்வார். அந்தப் பழக்கம் இன்னும் என் விரலில் இருக்கிறது. மண் எப்படிப்பட்டது என்று அந்த வகுப்பில் கற்றேன். மண் யாருடையது என்ற கேள்வியை எனக்குக் கற்றுத்தந்தவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன்.

1926இல், இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தில், நிலமில்லாத தலித் குடும்பத்தில் பிறந்தவர் அவர். மதுரையில் தங்கிப் படித்துப் பட்டம் வாங்கினார். அந்தக் காலத்தில், அந்தச் சேரியில், ஒரு பெண் பட்டம் வாங்குவது எத்தனை பெரிய காரியம் என்று உங்கள் பாட்டிமாரைக் கேளுங்கள். அந்தப் பட்டத்தோடு அவர் வினோபா பாவேயின் பூமிதான நடைப்பயணத்தில் சேர்ந்தார். 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்ட பிறகு, கணவர் ஜெகந்நாதனோடு கீழத்தஞ்சைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டார். 1981இல் இருவரும் 'லாஃப்டி' அமைப்பைத் தொடங்கினார்கள். மிராசுதார்களிடம் விலை பேசி, வங்கிக் கடனும் அரசு மானியமும் திரட்டி, குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் என்று பதின்மூவாயிரம் ஏக்கருக்கு மேல் கூலிக்காரக் குடும்பங்களுக்கு வாங்கிக் கொடுத்தார்கள். பத்திரம் பெண்கள் பெயரில்.

1990களின் தொடக்கத்தில் கீழத்தஞ்சைக் கடற்கரைக்கு இறால் பண்ணைகள் வந்தன. ஏற்றுமதியில் நல்ல காசு. கம்பெனிகள் நெல் வயலை வாங்கி, குட்டை வெட்டி, மோட்டார் வைத்துக் கடல் தண்ணீரை உள்ளே இறைத்தன. மாதக்கணக்கில் தேங்கிய உப்புநீர் பக்கத்து வயலுக்கும் கிணற்றுக்கும் கசிந்தது. நாற்று நட, களை பறிக்க, கதிர் அறுக்க என்று ஊரே இறங்கி வேலை செய்த நிலத்தில் இப்போது இரண்டு காவல்காரர்களுக்குத்தான் வேலை. போராடி வாங்கிய ஒரு ஏக்கர், வரப்புக்கு அந்தப் பக்கத்து உப்பால் கெட்டால், பத்திரத்தை வைத்துக்கொண்டு அந்தப் பெண் என்ன செய்வாள்? கிருஷ்ணம்மாள் சுற்றுச்சூழல் போராட்டத்துக்கு வந்த வழி இதுதான்.

அந்த நாட்களில் மண், நீர் மாதிரி எடுக்க நாகப்பட்டினம் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனேன். உப்பை அளக்க, கிணற்றடியில் கருவியை வைத்து மின்கடத்து திறனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நெல்லுக்கு மண்ணில் அது மீட்டருக்கு 3 டெசிசைமனைத் தாண்டினாலே விளைச்சல் இறங்கத் தொடங்கும். கடல்நீர் ஏறத்தாழ 50. ஒரு பாட்டியம்மா குடத்தை இடுப்பில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "என்ன பாப்பா பாக்குற?" என்றார். தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பார்ப்பதாகச் சொன்னேன். "பருப்பு வேக மாட்டேங்குது, சோப்பு நொரைக்க மாட்டேங்குதுன்னு ஒரு வருசமா தாலுக்கா ஆபீசுல சொல்லிக்கிட்டிருக்கோம். ஒம் பொட்டி சொன்னாத்தான் உப்பா?" என்றார்.

பிறகு என்னை வீட்டுக்குக் கூட்டிப்போனார். அடுப்பில் துவரம்பருப்பு காலையிலிருந்து கொதிக்கிறது. கரண்டியில் எடுத்து நசுக்கிக் காட்டினார், உடையவில்லை. கொல்லையில் மண் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அந்த ஊரில் நீர் கெட்ட கதை முழுவதும் அந்தப் பெண்களுக்குத் தெரியும்: எந்தக் கிணறு முதலில் கரித்தது, எந்த மாதம், எந்தக் குட்டை வெட்டிய பிறகு என்று வரிசையாகச் சொன்னார்கள். நான் எடுத்த அளவுகளை அதே வரிசையில் ஒரு தாளில் தமிழில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு, பாட்டியம்மாவிடம் கொடுத்தேன். அடுத்த மனுவில் அந்தத் தாள் இணைந்திருந்தது. எத்தனையோ ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறேன். நான் எழுதியதில் மிகவும் பயன்பட்டது அந்த ஒரு தாள் என்றே நினைக்கிறேன்.

ஜெகந்நாதன் பெயரில் 1994இல் உச்சநீதிமன்றத்துக்கு வழக்கு போனது. அங்கும் அளவுகள்தான் பேசின. நீதிமன்றம் கேட்டபடி, நாக்பூரின் தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் கடலோர ஊர்களைப் பார்த்து அறிக்கை கொடுத்தது. 1996 டிசம்பர் 11ஆம் தேதி தீர்ப்பு வந்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் இறால் குட்டைகள் கூடாது. இருப்பவற்றை அகற்ற வேண்டும். கெடுத்தவரே ஈடு கொடுக்க வேண்டும். வயிறு காய்ந்த பெண்கள் பெற்ற வெற்றி அது. ஆனால் தீர்ப்பு முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. 2005இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றிப் பண்ணைகளுக்கு வழிவிட்டது. நீதிமன்றத்தில் வென்றதை நாடாளுமன்றத்தில் இழக்க முடியும் என்பதை நான் அப்போதுதான் நேரில் கண்டேன்.

அதனால்தான் கென்யாவின் வங்காரி மாத்தாயை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். 1971இல் நைரோபியில் கால்நடை உடற்கூற்றியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். விறகுக்கும் தண்ணீருக்கும் நெடுந்தூரம் நடந்த கிராமத்துப் பெண்களைக்கொண்டு 1977இல் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கினார். நாற்றங்கால் பெண்களுடையது, பிழைத்த ஒவ்வொரு கன்றுக்கும் சிறு தொகை. 1989இல் நைரோபியின் உஹுரு பூங்காவில் எழவிருந்த அறுபது மாடிக் கட்டடத்தை எதிர்த்து நின்றார். அடிபட்டார், சிறை சென்றார். 2002இல் தேர்தலில் நின்று நாடாளுமன்றத்துக்குப் போனார். அடுத்த ஆண்டு சுற்றுச்சூழல் துறைத் துணை அமைச்சரானார். கிருஷ்ணம்மாள் தேர்தல் பக்கம் போகாதவர்; அவர்மேல் எனக்கிருக்கும் மரியாதைக்கு அதனால் குறைவில்லை. ஆனாலும் சட்டம் எழுதப்படும் அறையில் நம் ஆட்கள் இருக்க வேண்டும் என்பதில் நான் வங்காரியின் கட்சி.

2004 டிசம்பர் 10ஆம் தேதி ஆஸ்லோவில் அவர் நோபல் அமைதிப் பரிசு பெற்றார். அதற்குப் பதினாறாம் நாள் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த அவையில் அன்றைய நிலநடுக்கத்திலும் ஆழிப்பேரலையிலும் உறவுகளை இழந்த வீடுகள் உண்டு. இந்திரா முனையில் நிலம் நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. வட அந்தமானில் நிலம் உயர்ந்து பவளப்பாறைகள் வெளியே வந்து செத்தன. இங்கே பக்கத்தில் சிப்பிகாட்டில், நெல் விளைந்த வயலுக்குள் வந்த கடல் திரும்பிப் போகவில்லை. நாகப்பட்டினத்தில் மோட்டார் கொண்டுவந்த உப்பை இங்கே நிலநடுக்கம் கொண்டுவந்தது.

2021ஆம் ஆண்டின் இந்திய வன அறிக்கைப்படி உங்கள் தீவுகளில் 616 சதுர கிலோமீட்டர் அலையாத்திக் காடு இருக்கிறது. அவ்வளவு நீண்ட கடற்கரை கொண்ட தமிழ்நாட்டில் 45. இழந்துவிட்ட ஊரிலிருந்து வந்தவள் நான். கையில் இருப்பதன் மதிப்பை அதனால்தான் இத்தனை அழுத்திச் சொல்கிறேன். கிரேட் நிக்கோபாரில் துறைமுகம், விமான நிலையம், நகரம் என்று ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் காட்டை எடுக்கும் திட்டத்துக்கு 2022இல் ஒப்புதல் கிடைத்தது. தோணியாமைகள் முட்டையிடும் கலாத்தியா விரிகுடா அதற்குள் வருகிறது. அதே ஆண்டு நவம்பரில் அங்குள்ள பழங்குடியினர் மன்றம், தான் கொடுத்த இசைவைத் திரும்பப் பெற்றது. அந்த மன்றத்தின் சொல்லுக்கு இன்னும் மரியாதை வேண்டும் என்பது என் துணிந்த கருத்து.

பிள்ளைகளே, உங்களில் சிலர் ஆய்வகத்துக்குப் போவீர்கள், சிலர் அரசு வேலைக்கு, சிலர் கடைக்கு, படகுக்கு. யாராவது ஒரு சிலர் ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ வேட்பாளராக நில்லுங்கள். மற்றவர்களிடம் நான் கேட்பது சிறிய காரியம். உங்கள் ஊரில் ஒரு மூதாட்டி தண்ணீர் கரிக்கிறது என்று சொன்னால், போய் அளந்து பாருங்கள். அந்த எண்ணைத் தேதியோடும் கையெழுத்தோடும், தமிழிலோ வங்காளத்திலோ இந்தியிலோ நிக்கோபாரியிலோ, அவர் படிக்கும் மொழியில் எழுதி அவர் கையிலேயே கொடுங்கள்.